வாலில் முறிந்த பல்: டி.ரெக்ஸ் கொன்று தின்றதா, செத்ததைத் தின்றதா?

முதலில் சாட்சியைக் காட்டிவிடுகிறேன், மற்ற கதையெல்லாம் அப்புறம். அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில் ஹெல் க்ரீக் என்ற பாறை அடுக்கு இருக்கிறது. 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்னால், டைனோசர்களின் கடைசிக் காலத்தில் படிந்த மண். அங்கே கிடைத்தவை ஒரு வாத்துவாய் டைனோசரின் வாலிலிருந்து இரண்டு முள்ளெலும்புகள். தனித்தனியாக அசைய வேண்டிய எலும்புகள் இரண்டும் ஒட்டிப்போய் ஒரே கட்டியாகக் கிடந்தன, அந்தக் கட்டிக்கு நடுவில் ஒரு பல் புதைந்திருந்தது. பல் வால்காரனுடையது இல்லை. வாத்துவாய் டைனோசர் தழை தின்கிற பிராணி, இந்தப் பல்லுக்கோ ஓரத்தில் ரம்பம் மாதிரி நுண்பற்கள். அளவு, வளைவு, ரம்பம் எல்லாம் டைரனோசாரஸ் ரெக்ஸோடு, அதாவது டி.ரெக்ஸோடு பொருந்தின. பல்லைச் சுற்றி எலும்பு புதிதாக வளர்ந்து அதை மூடியிருந்தது. ராபர்ட் டிபால்மாவும் டேவிட் பர்ன்ஹாமும் இன்னும் சிலரும் ஸ்கேன் எடுத்துப் பார்த்து 2013இல் இதை வெளியிட்டார்கள்.

இதற்கும் வேலூர்க்காரனான எனக்கும் என்ன சம்பந்தம்? நான் ஆடு மாடு பார்க்கிற டாக்டர். டைனோசர் என் துறை இல்லை, ஆனால் இந்தக் கேள்வி என் துறைக் கேள்விதான். தின்றது யார் என்பது ஒரு விஷயம், கொன்றது யார் என்பது வேறு விஷயம். இந்த இரண்டையும் பிரித்துச் சொல்லச் சொல்லித்தான் ஜவ்வாது மலை அடிவாரத்திலிருந்தும் பேரணாம்பட்டு பக்கத்திலிருந்தும் எங்களைக் கூப்பிடுவார்கள். சிறுத்தை அடித்தது என்றால் வனத்துறைக்கு ஒரு மனு, நாய் என்றால் வேறு வழி, நோய் என்றால் அதற்கொரு ஃபைல். ஆட்டுக்காரருக்கு இது காசு விஷயம், அதனால் யாரும் அலட்சியமாகக் கேட்பதில்லை.

அணைக்கட்டு பக்கத்தில் ஒரு வெள்ளாடு. பின்தொடை கிழிந்து, வயிறு திறந்து, குடல் பாதி வெளியே கிடந்தது. சுற்றி நின்றவர்கள் எல்லாருக்கும் ஏற்கெனவே முடிவு தெரியும். "புலி அடிச்சிடுச்சின்னு எழுதிக் குடுங்க டாக்டர், மலையில இருந்து எறங்கி வருது" என்றார் ஆட்டுக்காரப் பெரியவர். எங்கள் பக்கம் சிறுத்தையையும் புலி என்றுதான் சொல்வார்கள். நான் கழுத்துத் தோலை உரித்தேன். சிறுத்தை ஆட்டை அடித்தால் பெரும்பாலும் தொண்டையைத்தான் பிடிக்கும், வெளியே சின்ன ஓட்டைதான் தெரியும், தோலை உரித்தால் உள்ளே கறுப்பாக ரத்தம் கட்டியிருக்கும். இங்கே கழுத்து சுத்தம். "ஐயா, தொண்டையில ஒரு பல்லுகூடப் படலையே" என்றேன். சரி, தொடைக்கு வருவோம். கிழிந்த இடத்து ஓரத் தோலைத் தூக்கிப் பார்த்தால் சதை வெளிறி இருக்கிறது, வீக்கமும் இல்லை, ரத்தம் இறங்கின அடையாளமும் இல்லை. இதயம் அடித்துக்கொண்டிருந்தபோது கடித்திருந்தால் அப்படி இருக்காது. வயிற்றைத் திறந்தால் உள்ளே இளம் சோளத் தட்டை, மழை இல்லாமல் வாடி நின்ற கொல்லையில் மேய்ந்தது. நாளத்து ரத்தம் பளிச்சென்று சிவந்திருந்தது. சோளப் பயிர் விஷம்தான். வாடிய இளஞ்சோளத்தில் சயனைடு சேரும், ஆடு மேய்ந்த கொஞ்ச நேரத்தில் விழுந்துவிடும். செத்த பிறகு தெருநாய்கள் வந்து தின்றிருக்கின்றன. பெரியவருக்கு என் மேல் கோபம், அது நியாயமான கோபம்தான்.

இதில் கவனிக்க வேண்டியது இன்னொன்று உண்டு. அதே ஊரில் அதே நாய்க் கூட்டம் பிறகு பட்டிக்குள் புகுந்து உயிரோடு இருந்த குட்டிகளைக் கடித்துப் போட்டது. அந்தக் குட்டிகளின் தொடையில் தோலுக்கு அடியில் முழுக்க ரத்தக்கட்டு. அப்படியென்றால் அந்த நாய்கள் வேட்டைக்காரர்களா, செத்ததைத் தின்பவர்களா? அந்தந்த உடலைப் பார்த்து அந்தந்த நாளுக்குப் பதில் சொல்லலாம், நாயைப் பார்த்துச் சொல்ல முடியாது.

டி.ரெக்ஸ் விவகாரத்தில் பல காலம் நாயைப் பார்த்துத்தான் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

சந்தேகம் புதியதில்லை. கனடாவில் லாரன்ஸ் லேம்ப் 1917இலேயே டி.ரெக்ஸின் உறவுக்காரனான கோர்கோசாரஸைப் பற்றி எழுதும்போது, இதன் பற்களில் தேய்மானம் அதிகம் இல்லை, ஆகவே இது செத்து அழுகிய மெத்தென்ற மாமிசம் தின்ற சோம்பேறி என்று முடிவு கட்டினார். டைனோசர்களுக்குப் பல் வாழ்நாள் முழுக்க விழுந்து விழுந்து முளைக்கும், தேயாத பல் என்றால் புதுப் பல், அவ்வளவுதான். 1990களில் ஜாக் ஹார்னர் அதே சந்தேகத்தைப் பெரிய அளவில் கிளப்பினார். மொன்டானாவில் டைனோசர் முட்டைகளையும் கூடுகளையும் தோண்டி எடுத்துப் பெயர் வாங்கியவர், லேசான ஆள் இல்லை. அவர் வைத்த வாதங்கள்: கை குட்டையாக இருக்கிறது, எதையும் பிடிக்க முடியாது; கண் சிறியது; மோப்பத்துக்கான மூளைப்பகுதி மிகப் பெரியது, பிணம் தேடத்தான் அது வேண்டும்; தொடை எலும்பை விடக் கெண்டைக்கால் எலும்பு நீளம் இல்லை, ஆகவே ஓட்டக்காரன் இல்லை, நடக்கிறவன்; பல் எலும்பை நொறுக்குகிற பல்.

கை விஷயத்தை நான் சட்டென்று தள்ளிவிடுவேன். முதலைக்குக் கை என்ன பயன், பாம்புக்குக் கையே இல்லை, ஓநாய் வாயால்தான் பிடிக்கிறது. ஒன்றரை மீட்டர் நீளத் தலையும் அந்தத் தாடையும் இருக்கிறவனுக்குக் கை எதற்கு? கண்ணும் பிரச்சினை இல்லை. கென்ட் ஸ்டீவன்ஸ் 2006இல் தலை மாதிரிகளை வைத்துக் கணக்கிட்டதில் இரண்டு கண்ணும் சேர்ந்து பார்க்கிற பரப்பு 55 டிகிரி வந்தது, பருந்தைவிட அதிகம். தூரத்தைக் குறி வைத்துப் பார்க்கிற கண் அது. மோப்பம் உண்மைதான், டார்லா செலனிட்ஸ்கி 2009இல் வெளியிட்ட ஒப்பீட்டிலும் டி.ரெக்ஸ் உடல் அளவுக்கு எதிர்பார்ப்பதைவிடப் பெரிய மோப்பப் பகுதியோடு முன்னால் நிற்கிறது. ஆனால் மோப்பம் பிணத்தைக் கண்டுபிடிக்கவும் உதவும், இருட்டில் இரையைத் தேடவும் உதவும், எதிராளி எங்கே இருக்கிறான் என்று தெரிந்துகொள்ளவும் உதவும். இதை வைத்து ஒருத்தரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற முடியாது.

ஓட்டம் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டியது. ஜான் ஹட்சின்சனும் மரியானோ கார்சியாவும் 2002இல் கணக்குப் போட்டார்கள். அந்த எடைக்கு வேகமாக ஓட வேண்டுமென்றால் கால்களில் எவ்வளவு தசை வேண்டும்? விடை: உடம்பில் பெரும்பகுதி கால் தசையாகவே இருக்க வேண்டும், அது நடக்காது. மணிக்கு 40 கிலோமீட்டரைத் தாண்டியிருக்க வாய்ப்பில்லை, அதற்குக் கீழே எங்கேயோ. அதனால் என்ன? மூன்று கொம்பன் ட்ரைசெராடாப்ஸும் டன் கணக்கில் எடை, வாத்துவாய் வகையான எட்மண்டோசாரஸும் டன் கணக்கில் எடை. இரை எவ்வளவு வேகமோ அதைவிடக் கொஞ்சம் வேகம் இருந்தால் போதும், ஒளிந்திருந்து பாய்ந்தால் அதுகூட வேண்டாம்.

ஆக உடலமைப்பை வைத்துப் பேசினால் வாதம் இரண்டு பக்கமும் போய்க்கொண்டே இருக்கும். தின்ற அடையாளங்களை எடுத்தால்? அவை நிறைய இருக்கின்றன. மொன்டானாவில் கிடைத்த ட்ரைசெராடாப்ஸ் இடுப்பெலும்பில் டஜன் கணக்கில் கடித்த தடங்கள், கிரெகரி எரிக்சனும் கென்னத் ஓல்சனும் 1996இல் வெளியிட்டது. சில ஓட்டைகளில் பல் டாக்டர்கள் அச்செடுக்கிற பசையை வைத்து அச்சு எடுத்தால் டி.ரெக்ஸ் பல்லே கையில் வந்து நிற்கிறது. 1998இல் கேரன் சின் விவரித்த கல்லாகிப்போன சாணம், கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணத்தில் கிடைத்தது, 44 சென்டிமீட்டர் நீளம், உள்ளே முழுக்க இளம் தாவர உண்ணி ஒன்றின் எலும்புத் துண்டுகள். டி.ரெக்ஸ் எலும்பிலேயே டி.ரெக்ஸ் பல் தடம் இருப்பதாக 2010இல் நிக்கோலஸ் லாங்ரிச் குழுவினர் காட்டினார்கள், சொந்த இனத்தையும் விடவில்லை. பார்க்கப் பிரமாதமாக இருக்கிறது, ஆனால் என் வேலையில் இவை எல்லாம் அணைக்கட்டு ஆட்டின் பின்தொடை. தின்றதற்குச் சாட்சி, கொன்றதற்கு இல்லை. இடுப்பெலும்பில் பல் இறங்க வேண்டுமானால் அந்த ட்ரைசெராடாப்ஸ் ஏற்கெனவே கீழே கிடந்திருக்க வேண்டும். அதைக் கீழே தள்ளியது யார் என்று எலும்பு சொல்லவில்லை.

இன்னொரு சிக்கல், என் ஆட்டில் பார்த்த ரத்தக்கட்டு டைனோசரில் கிடைக்காது. சதை போய்விட்டது, தோல் போய்விட்டது. எலும்புதான் மிச்சம், எலும்பு ரத்தக்கட்டைக் காட்டாது. உயிரோடு இருந்தபோது விழுந்த கடி எலும்பில் தெரிய வேண்டுமானால் ஒரே வழிதான் உண்டு. கடிபட்ட பிராணி தப்பிக்க வேண்டும், பிழைக்க வேண்டும், எலும்பு ஆறும் வரைக்கும் வாழ வேண்டும். வேட்டை ஜெயித்திருந்தால் சாட்சி அங்கேயே செத்துப் போகிறது. தோற்ற வேட்டை மட்டும்தான் எழுத்தில் நிற்கும்.

எலும்பு ஆறுவது எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டிய விஷயம் இல்லை, புத்தூர் கட்டு போர்டு இல்லாத கடைத்தெரு இந்தப் பக்கம் குறைவு. கால் ஒடிந்த ஆட்டுக்கு மூங்கில் பத்தை வைத்துக் கட்டுகிறோம். முறிந்த இடத்தில் முதலில் ரத்தம் உறையும், பிறகு குருத்தெலும்பு மாதிரி மெத்தென்று ஒன்று சுற்றி வளரும், அதில் சுண்ணாம்புச் சத்து ஏறி ஏறிக் கெட்டியாகும். கட்டை அவிழ்த்துக் கட்டைவிரலால் அழுத்தித் தடவிப் பார்த்தால் முறிவு இருந்த இடத்தில் ஒரு முண்டு தட்டுப்படும், பழைய எலும்பைவிடத் தடிமனாக, மேலே சொரசொரப்பாக. இந்த முண்டு உயிருள்ள உடம்பில் மட்டும்தான் வரும். செத்த ஆட்டின் எலும்பைப் பத்து வருஷம் கட்டி வைத்தாலும் வராது. இடையில் சீழ் பிடித்தால் முண்டு தாறுமாறாக வளரும், பக்கத்து எலும்பையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும், அதுவும் உயிருள்ள உடம்பின் வேலைதான்.

இப்போது ஹெல் க்ரீக் வாலுக்குத் திரும்பிப் பாருங்கள். இரண்டு முள்ளெலும்புகள் ஒட்டியிருக்கின்றன, நடுவில் பல், பல்லைச் சுற்றிப் புது எலும்பு. ஆகவே ஒரு டி.ரெக்ஸ் உயிரோடு இருந்த வாத்துவாய் டைனோசரின் வாலைக் கடித்தது, பல் முறிந்து உள்ளே தங்கியது, வால்காரன் பிய்த்துக்கொண்டு தப்பித்தான், காயம் ஆறி எலும்பு மூடுகிற அளவுக்கு மாதக்கணக்கிலோ வருஷக்கணக்கிலோ பிழைத்துக் கிடந்தான். செத்ததைத் தின்ன வந்தவன் இந்தக் காயத்தை உண்டாக்கியிருக்கவே முடியாது. பல்லே உள்ளே இருப்பதால் கடித்தவன் யார் என்ற கேள்விக்கும் இடமில்லை. இதற்கு முன்னால் வந்த சாட்சிகளில் அந்த ஓட்டை இருந்தது. டென்வர் அருங்காட்சியகத்தில் இருக்கிற எட்மண்டோசாரஸின் வால் முதுகில் மேலே நீட்டிக்கொண்டிருக்கும் எலும்புகள் வெட்டுப்பட்டு ஆறியிருக்கின்றன, கென்னத் கார்பென்டர் 1998இல் எழுதியது, அந்த உயரத்தில் கடிக்க டி.ரெக்ஸால்தான் முடியும் என்றார். மற்றவர்கள் வேறெதிலாவது மோதி உடைந்திருக்கலாமே என்றார்கள். 2008இல் ஜான் ஹாப் காட்டிய ட்ரைசெராடாப்ஸ் இதைவிடப் பலமானது, கண்ணுக்கு மேலே இருந்த கொம்பு முறிந்து ஆறியிருக்கிறது, பின்மண்டைத் தகட்டில் பல் தடம், அதுவும் ஆறியிருக்கிறது. கொம்பை நேருக்கு நேர் பிடித்திருக்கிறான், ஆனால் பல் அங்கே இல்லை. வாலில் பல்லே இருக்கிறது.

ஆட்சேபம் வந்தது, வராமல் இருக்குமா. ஒரே ஒரு வால்தானே, படுத்துக் கிடந்த நோயாளி மிருகத்தைச் செத்துவிட்டது என்று நினைத்துக் கடித்திருக்கலாமே, அது எழுந்து ஓடியிருக்கலாமே என்று. இருக்கலாம். நோயில் விழுந்த மாட்டை நாய்கள் உயிரோடு தின்ன ஆரம்பித்ததை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் அப்படி விழுந்து கிடக்கிற பிராணி டி.ரெக்ஸ் கடித்த பிறகு எழுந்து ஓடி, வாலில் பல்லோடு ஆறுகிற வரைக்கும் மேய்ந்து திரியாது. நல்ல தெம்பில் இருந்த பிராணி என்றுதான் என் அனுபவம் சொல்லும். வாலில் கடி என்றால் பின்னாலிருந்து துரத்தினான் அல்லது பாய்ந்தான். ஒரு வால் ஒரு வேட்டைக்குத்தான் சாட்சி, சரி. ஆனால் கேட்கப்பட்ட கேள்வி இது ஒருநாளும் உயிருள்ளதைத் தாக்காத பிராணியா என்பதுதான். அதற்கு ஒரு சாட்சி போதும்.

அடுத்த கேள்வி தானாக வருகிறது. செத்ததை மட்டுமே தின்று ஒரு பெரிய பிராணி வாழ முடியுமா? முதுகெலும்புள்ள பிராணிகளில் அப்படி வாழ்கிறவை என்று இன்று நிச்சயமாகச் சொல்லக்கூடியவை பாறுகள், அதாவது பிணந்தின்னிக் கழுகுகள். அவற்றாலும் எப்படி முடிகிறது? றெக்கையை விரித்து வெயில் காற்றில் ஏறி, ஒரு அடிகூட அடிக்காமல் நூறு கிலோமீட்டர் சுற்றி வருகின்றன, செலவே இல்லாத பயணம். எங்கள் தாத்தா காலத்தில் மாடு செத்தால் ஊருக்கு வெளியே போடுவார்கள், வானத்தில் புள்ளி தெரியும், கொஞ்ச நேரத்தில் இறங்கிவிடும் என்பார்கள். மாடுகளுக்கு வலிக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் ஊசி செத்த மாட்டின் வழியே பாறுகளின் சிறுநீரகத்தைத் தின்றுவிட்டது. 2004இல் கண்டுபிடித்தார்கள், 2006இல் கால்நடைக்குப் போடத் தடை வந்தது, அதற்குள் இந்தியாவில் பாறுகள் கிட்டத்தட்டத் துடைத்தெடுக்கப்பட்டுவிட்டன. இப்போது தமிழ்நாட்டில் பார்க்க வேண்டுமென்றால் முதுமலை, மாயாறு பக்கம் போக வேண்டும். அவை போன பிறகு செத்த மாடு நாய்களுக்குப் போகிறது. நாய்கள் பெருகின, பட்டியில் புகுகின்றன. இது வேறு கதை, நிறுத்திக்கொள்கிறேன்.

எட்டு டன் எடையோடு தரையில் நடந்து பிணம் தேடுகிறவனுக்கு அந்த வசதி கிடையாது. கிரேம் ரக்ஸ்டனும் டேவிட் ஹூஸ்டனும் 2003இல் கணக்குப் போட்டு, இன்றைய செரெங்கெட்டி அளவுக்கு மாமிசம் விழுகிற நிலமாக இருந்தால் டி.ரெக்ஸ் பிணத்தை நம்பியே பிழைத்திருக்கலாம் என்றார்கள். நேர்மையான கணக்குதான், ஆனால் போட்டிக்காரர்களை அதில் சேர்க்கவில்லை. கிறிஸ் கார்போன் குழு 2011இல் சேர்த்தது. சிறிய ஊனுண்ணி டைனோசர்கள் எண்ணிக்கையில் பல மடங்கு, எந்தப் பிணத்தையும் முதலில் கண்டுபிடிப்பது அவைதான், பெரியவர் வந்து சேரும்போது எலும்புதான் மிச்சம். அப்படியென்றால் பிணத்தை மட்டும் நம்பி வாழ முடியாது. இரண்டு பக்கமும் படித்ததில் எனக்கு இதுதான் சரியாகப் படுகிறது.

ஹார்னரும் கடைசியில் நடுவழிக்கு வந்தார். அவரும் கூட்டாளிகளும் 2011இல் ஹெல் க்ரீக் டைனோசர்களைத் தலை எண்ணினார்கள். ட்ரைசெராடாப்ஸ் 40 சதவீதம், டைரனோசாரஸ் 24, எட்மண்டோசாரஸ் 20. இரைக்கு நிகராக ஊனுண்ணி இருக்கிறான் என்றால் கிடைத்ததையெல்லாம் தின்கிறவன், கழுதைப்புலி மாதிரி என்றார்கள். அவர்கள் எடுத்த உதாரணம் அவர்கள் நினைத்ததைவிடப் பொருத்தம். கழுதைப்புலியைச் சிங்கத்தின் எச்சில் தின்கிறவன் என்றுதான் உலகமே நம்பியது. ஹான்ஸ் க்ரூக் 1960களில் தான்சானியாவின் ங்கோரோங்கோரோவில் இராத்திரி முழுக்கப் பின்தொடர்ந்து பார்த்தால், கொன்றது கழுதைப்புலிக் கூட்டம், சத்தம் கேட்டு வந்து பிடுங்கித் தின்றது சிங்கம், விடிந்ததும் சுற்றுலா ஜீப்பில் வந்தவர்கள் சிங்கம் தின்பதையும் கழுதைப்புலி ஓரமாகக் காத்திருப்பதையும் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

வேலூரில் தோண்டினால் கிடைக்குமா என்று கேட்பார்கள், இப்போதே சொல்லிவிடுகிறேன். கிடைக்காது. நம் வட ஆற்காட்டுக் கருங்கல் 250 கோடி ஆண்டுப் பழசு, டைனோசர் அப்போது யார் கனவிலும் இல்லை. அரியலூர் பக்கம்தான் சரியான காலத்து மண். அங்கே கல்லமேட்டில் கிடைத்த பிரம்மாண்ட எலும்புகளை யாதகிரியும் அய்யாசாமியும் 1980களின் கடைசியில் ஊனுண்ணி என்றே பதிவு செய்தார்கள், ப்ருஹத்காயோசாரஸ் என்று பெயர் வைத்தார்கள். பிற்பாடு பார்த்தவர்கள் அது கழுத்து நீண்ட இலை தின்னி என்றார்கள், அதற்குள் எலும்புகள் நொறுங்கிப் போய்விட்டன. சாட்சியே இல்லாத வழக்கு அது.

டி.ரெக்ஸ் குடும்பத்தில் பிறகு வந்த ஒரு சாட்சியும் இருக்கிறது, 2023 டிசம்பரில் வெளியானது. கனடாவின் ஆல்பெர்டாவில் கிடைத்த இளம் கோர்கோசாரஸ், வயது ஐந்திலிருந்து ஏழுக்குள், லேம்ப் சோம்பேறி என்று சொன்ன அதே இனம். அதன் வயிற்றுக்குள் சிட்டிபெஸ் என்ற பறவை மாதிரியான சிறு டைனோசர்களின் பின்னங்கால்கள், இரண்டு குட்டிகளுடையவை, இரண்டுமே ஒரு வயதுக்குக் கீழ். ஒன்று மற்றதைவிட அதிகம் செரித்திருந்தது, ஆகவே வேறு வேறு வேளையில் தின்றது. என் கறாரான கணக்குப்படி வயிற்றில் கிடைத்ததும் தின்றதற்குத்தான் சாட்சி. ஆனாலும் செத்துக் கிடப்பதைப் பொறுக்கித் தின்கிறவனுக்கு இரண்டு வேளையும் ஒரே இனத்தில், ஒரே வயதுக் குட்டியாக, அதிலும் சதைப்பற்றான தொடைப் பக்கமாகவே கிடைப்பது கஷ்டம். முதல் ஆளாக இரையிடம் போய்ச் சேர்ந்தவனுக்குத்தான் தொடை கிடைக்கும். வேட்டையாடித் தின்றான் என்றுதான் நான் எழுதிக் கொடுப்பேன்.